இரண்டாம் பிரதிவாதி

கேரளக் கோர்ட்டிலிருந்து வந்த ஆள் போடி கோர்ட்டுச் சம்மனை நீட்டியபோது, ஏலக்காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மருதாயி இரண்டடி பின்வாங்கினாள்.

"பேடிக்கேண்டா சேச்சி, சிவில் கேஸா" என்று, பயப்பட வேண்டாமெனக் கையசைத்தார் அவர்.

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். முதலில் அண்ணன்மார் பெயர்கள். அடுத்து 'இரண்டாம் பிரதிவாதி' என்று அவள் பெயர். அதன் கீழே எஸ்டேட், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் நம்பர், எல்லாம் இருந்தன. அவள் இருக்கும் இடம் கீழே தெரிந்துவிட்டது.

ராசிங்காபுரத்து வீட்டை விட்டு முத்துக்கண்ணனைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்து வருடங்கள் ஓடிவிட்டன. "இந்தப் பக்கம் தலை தெரிஞ்சா வெட்டிப் போட்ருவேன்" என்று பெரியண்ணன் ராக்கையா ஊர் கேட்கச் சொல்லியிருந்தான். அப்பன் சாவுக்குக்கூட அவள் கீழே இறங்கவில்லை.

"பேசாம இருந்துருவோம்" என்றான் முத்துக்கண்ணன். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்க் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்தான்.

போடியில் வக்கீலாக இருந்த பானுப்பிரியாவைத் தெரிந்தவர்கள் மூலம் போனில் பிடித்தாள் மருதாயி.

"ஒங்க சின்னண்ணன் அழகுமலைதான் அப்பா சொத்துல பாகம் கேட்டு கேஸு போட்டது. மொதல்ல அதுல ஒங்க பேரே இல்லக்கா. 'தங்கச்சி ஒருத்தி உசுரோட இருக்கா, அவளச் சேக்காத கேஸு செல்லாது'ன்னு பெரியவருதான் ஆட்சேபணை பண்ணுனாரு. கோர்ட்டு ஒங்களச் சேக்கச் சொல்லிருச்சு."

"அவருதான என்னயச் செத்தவன்னு தலமுழுகுனாரு?"

"நீங்க பயந்துக்கிட்டு வரவே மாட்டீங்கன்னு நெனச்சிட்டாரு. பங்கு வேணாம்னு நீங்க வாயாலயே சொல்லிட்டதா வேற எழுதிக் குடுத்துருக்காரு. நீங்க வராட்டி எக்ஸ்பார்ட்டின்னு, நீங்க இல்லாமலே முடிச்சிருவாங்க. மறுத்துச் சொல்ல ஆளிருக்காது."

தன் பயத்தை நம்பித்தான் அண்ணன் வழக்கு நடத்துகிறான் என்று புரிந்தபோது அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பயம் மட்டும் குறையவில்லை.

வாய்தா அன்று துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு, ஜீப்பின் பின்சீட்டில் புருஷனை ஒட்டி உட்கார்ந்து போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்கினாள். கோர்ட்டு வராந்தாவில் ராக்கையா நின்றிருந்தான். நரைத்திருந்தான். பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

"மருதாயி!" டவாலி கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். பானுப்பிரியா முழங்கையால் இடித்தாள். மூன்றாவது அழைப்புக்குத்தான், "இருக்கேங்க" என்று காற்றுப்போல ஒரு குரல் வெளியே வந்தது. வக்காலத்து தாக்கலானது. பதில் உரைக்கு அடுத்த மாதம் வாய்தா போட்டார்கள்.

வெளியே வந்து முத்துக்கண்ணனைத் தேடியபோது ராக்கையா பக்கத்தில் வந்தான். கத்தவில்லை.

"லயத்துல கடைசி வீடாமே. தகரக் கதவாமே."

கதவைப் பற்றிச் சம்மனில் ஒரு எழுத்தும் இல்லை. யாரோ மேலே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஓடிப்போய் ஜீப்பில் ஏறிவிடத்தான் தோன்றியது. ஆனால் ஜீப்பு போய்ச் சேருவதும் அந்தக் கதவுக்குத்தானே? அவள் பானுப்பிரியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

அண்ணன் மிரட்டுவதைப் பானுப்பிரியா எழுந்து சொன்னாள். "என்ன சொன்னார்?" என்று மருதாயியைக் கேட்டார் ஜட்ஜம்மா.

"எங்க வீட்டுக் கதவு தகரம்னு சொன்னாருங்கம்மா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. ராக்கையாவை உள்ளே அழைத்தார். "இவங்க வீட்டுக் கதவு தகரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராக்கையா தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கையிலிருந்த கேஸ் கட்டைப் பார்த்தார். ஜட்ஜம்மா நடந்ததைக் குறிப்பில் ஏற்றி, இனி அவள் இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று ராக்கையாவைக் கண்டித்தார். போலீசில் புகார் கொடுக்கும்படி மருதாயியிடம் சொன்னார்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறினார்கள். பின்னால் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த வாய்தாவுக்கும் போகணுமா?" என்றான் முத்துக்கண்ணன்.

"போகணும்" என்றாள், அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.