கூண்டில் ஒரு ஆமாம்

அந்த நீதிமன்றத்தில் எல்லோருக்கும் ஒரே தாய்மொழிதான். நீதிபதிக்கும் அதுதான், அரசு வக்கீலுக்கும் அதுதான், வாசலில் நின்று பேர் கூப்பிடும் டவாலிக்கும் அதுதான். கூண்டில் ஏறுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் துரைமார் கப்பலேறிப் போனபோது, இங்கே இங்கிலீஷில்தான் வழக்கு நடக்க வேண்டும் என்ற சட்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள். நம்மவர்கள் அதைத் தூக்கியா எறிவார்கள்? தூசி தட்டிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அதனால் காலையில் மணி அடித்ததும் நீதிபதிக்குத் தாய்மொழி மறந்துபோகும். கூண்டில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும், மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்ன பிறகுதான் நீதிபதியின் காதில் விழுந்ததாக அர்த்தம்.

மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே 'வாய்' என்று பட்டப்பெயர். "வாய் வந்தாச்சா? வாயைக் கூப்பிடு" என்பார்கள். சொன்னதைச் சொல்ல வேண்டும்; கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, வழக்காளியோடு தனியாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று செய்த சத்தியம் அது. அடுத்தவர் பேச்சையே பேசிப் பேசி, வீட்டில் மனைவி ஏதாவது கேட்டால்கூட, யாரோ முதலில் பதில் சொல்லட்டும் என்பதுபோல நிற்பார். "கல்யாணம் நானும் நீங்களும்தானே பண்ணிக்கிட்டோம், நடுவுல யாரைத் தேடுறீங்க?" என்று அவள் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது.

அன்று கூண்டில் ஏறியவள் இஸ்திரிக்காரம்மா. நீதிபதியின் கழுத்துப் பட்டையிலிருந்து வாயின் சட்டை வரை, அந்த அறையில் விறைப்பாக நின்ற துணி முக்கால்வாசி அவள் பெட்டியின் சூடு பட்டதுதான். பழைய பட்டாளக் கொட்டடிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதிலேயே அடுப்பு, படுக்கை, இஸ்திரி மேசை. பட்டாளத்து எல்லைக்குள் உள்ளூர் ஆட்கள் குடியிருந்தால் சிப்பாய்களுக்கு நோய் தொற்றும் என்று துரைமார் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். சிப்பாய்களும் போனார்கள், அவர்களுடைய குதிரைகளும் போயின. நோய் தொற்ற ஆளே இல்லை. சட்டம் மட்டும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டல் வரப்போகிறதாம், அதனால் அந்தச் சட்டத்தை எழுப்பிவிட்டார்கள்.

இந்த வழக்குகளின் போக்கு வாய்க்கு அத்துப்படி. 'இல்லை' என்றால் வாய்தா கிடைக்கும். ஒரு வக்கீலைப் பிடிக்கலாம், அனுமதி கேட்டு மனுப் போடலாம். 'ஆமாம்' என்றால் அன்று சாயங்காலமே கடப்பாரை வந்துவிடும். காலையில் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்தபோது சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் போலீஸ்காரர் நின்றார். வாய் முழுங்கிக்கொண்டார்.

நீதிபதி இங்கிலீஷில் கேட்டார். வாய் அவளிடம் திரும்பினார்.

"அனுமதி இல்லாம பட்டாளத்து எல்லைக்குள்ள குடியிருந்ததா உங்க மேல குற்றம் சாட்டியிருக்காங்க. ஒத்துக்கிறீங்களா?"

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக நீதிபதியைப் பார்த்தாள்.

"ஆமா, அங்கதான் இருக்கேன். என்ன தம்பி, தெரியாத மாதிரி கேக்குறீங்க? உங்க கல்யாண வேட்டிய அங்கதானே வந்து வாங்கிட்டுப் போனீங்க?"

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதியின் காது சிவந்தது. கண்ணை உத்தரத்துக்கு ஏற்றிக்கொண்டு, புரியாத மனிதராக, வாய்க்காகக் காத்திருந்தார்.

வாய் நீதிபதியின் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அப்படிக் குறையாமல் சொல்லிச் சொல்லியே எத்தனை கூரைகளைப் பிரித்திருக்கிறார் என்ற நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நோ, மை லார்ட்" என்றார்.

அரசு வக்கீல் பாதி எழுந்து நீதிபதியின் முகத்தைப் பார்த்தார். நீதிபதி என்ன செய்வார்? அவள் சொன்னது புரிந்தது என்று ஒத்துக்கொண்டால், கல்யாண வேட்டியும் சேர்ந்தல்லவா புரிந்திருக்க வேண்டும். அவர் பேனாவை எடுத்தார். வக்கீல் அப்படியே உட்கார்ந்தார்.

ஆனால் நோ என்ற சொல் இஸ்திரிக்காரம்மாவுக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது?

"நான் எப்பப்பா இல்லன்னேன்?" கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அங்க இல்லன்னா அது எப்படி என் வீடாகும்? எம் புருஷன் உசிரு போன இடம் அது. என் புள்ளையப் பெத்த இடம். ஆமான்னு சொன்னேன். ஆமான்னே சொல்லு!"

நீதிபதி மெதுவாகத் தலையைத் திருப்பினார். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது என்பது வாய்க்குத் தெரியும். அது தெரியும் என்பது நீதிபதிக்கும் தெரியும்.

"என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி இங்கிலீஷில் கேட்டார்.

வாயின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னால் அவள் வீடு போகும், தன் வேலையும் போகும். பொய் சொன்னால் அவள் கண்ணெதிரே அவளையே இல்லாமல் ஆக்க வேண்டும்.

"கோர்ட்டுக்கு நன்றி சொல்கிறார், மை லார்ட்."

நீதிபதி எழுதிக்கொண்டார். அடுத்த மாதத்துக்கு வாய்தா.

தாழ்வாரத்தில் அவள் காத்திருந்தாள். அவர் சத்தியத்தையெல்லாம் மறந்து கிட்டே ஓடினார்.

"அம்மா, வீடு பொழைச்சுதும்மா. ஆமான்னிருந்தா இன்னைக்கே இடிச்சிருப்பாங்க. உடனே ஒரு வக்கீலப் பாருங்க. அடுத்த வாய்தாவுக்கும் இல்லன்னே சொல்லுங்க."

"உயிரோட இருக்கிற வரைக்கும் என் வீட்டுல நான் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமா?"

போலீஸ்காரர் யாராவது பார்க்கிறாரா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"என் பேச்சு அந்தத் தம்பிக்குப் புரியுது. உனக்கும் புரியுது. இருந்தும் இப்படி." அவள் கோபப்படவில்லை, களைத்திருந்தாள். "அடுத்த தடவ எனக்குப் பேச்சு வராது, ஊமைன்னு சொல்லிடுப்பா. அப்பவாவது நான் சொல்லாதத யாரும் சொல்ல மாட்டீங்கல்ல?"

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் துடித்தது. தன் சொந்த மொழியில், தன் சொந்தப் பேச்சாக ஒன்று. வாயைத் திறந்தார்.

உள்ளேயிருந்து டவாலியின் குரல் வந்தது. "வாய் எங்கய்யா? அடுத்த கேஸ், ஐயா காத்திருக்கார்!"

அவர் திரும்பி உள்ளே போனார்.