இறுக்குவதும் விடுவதும்

1

இந்தக் கதை ராமநாதபுரத்தில், ஒரு பிசியோதெரபி மையத்தின் பெஞ்சில் எனக்குக் கிடைத்தது. நான் முழங்கால் வலிக்காகப் போயிருந்தேன். (முழங்கால் என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.) பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருமல் வந்தது. சட்டென்று கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு, குனிந்து இருமினாள். முடிந்ததும் உட்கார்ந்திருந்த இடத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"நீங்களும் அதுக்குத்தான் வந்தீகளா?" என்றாள்.

அந்த 'அது'விலேயே தொடங்கியிருக்கலாம். நான் தொடங்கியது இப்படி:

மன்னார் வளைகுடாவின் நீலத்தில் முதல் வெளிச்சம் விழுந்தபோது, கடலின் மகளான லீமாரோஸ் —

அடித்துவிட்டேன். கடலின் மகள்களுக்கு மூத்திரப்பை இருப்பதில்லை.

2

பெஞ்சில் இருமிய லீமாரோஸுக்கு நாற்பத்து மூன்று வயது. பாம்பன்காரி. கடற்பாசி எடுக்கப் போகிறவள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பாறையில் இருக்கும் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் போடுகிற வேலை. மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிறந்த பிறகு, இருமினால், தும்மினால், பாசி மூட்டையைத் தூக்கினால் ஒண்ணுக்கு வந்துவிடும். கொஞ்சம்தான். ஆனால் வந்துவிடும்.

கடலுக்குள் அது ஒரு பொருட்டே இல்லை. அங்கே எல்லாமே ஈரம். மற்ற பெண்கள் வள்ளத்தில் ஏறிய பிறகும் இவள் தண்ணீரிலேயே கிடப்பாள். "ஆசைக்காரி" என்று கேலி செய்வார்கள். கரைக்கு வந்தால்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டாள். கோயிலில் முன் வரிசையை விட்டாள். கல்யாண வீடுகளை விட்டாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். கடைசியில் புழுக்கமாக இருக்கிறதென்று சொல்லி, புருஷன் பக்கத்தில் படுப்பதை விட்டுச் சமையல்கட்டுக்குப் பாயைக் கொண்டுபோனாள். வாடை அடிக்குமோ என்ற பயம்.

புருஷன் கில்பர்ட்டை முதல் வரைவில் குடிகாரனாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. போனில் வாசித்துக் காட்டியபோது லீமாரோஸ் தடுத்தாள்.

"அவரு குடிக்க மாட்டாரே. அவரை எதுக்குப் போட்டு இழுக்குறீக?"

"அப்ப அவரு என்னதான் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நாந்தான் அவருகிட்ட ஒண்ணும் சொல்லலையே."

புழுக்கம் என்று அவள் சொன்ன மறுநாள், கில்பர்ட் ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவந்து சமையல்கட்டில் வைத்தாராம். இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு வராது.

3

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அண்ணி ரெஜினா சொன்னாள். லீமாரோஸ் அதற்கும் தயாராகிவிட்டாள். பரிசோதித்த டாக்டரம்மா, இதற்கு அந்த ஆபரேஷன் தேவையில்லை, முதலில் தசைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்று மர்வாவிடம் அனுப்பினார். மர்வா அந்த மையத்தின் பிசியோதெரபிஸ்ட். கீழக்கரைப் பெண்.

(இங்கே ஒரு சொல் வேண்டியிருக்கிறது. அகராதி 'இடுப்புத்தளத் தசைகள்' என்கிறது. தளம் என்றதும் சிமெண்ட்டும் ஜல்லியும் நினைவுக்கு வருகின்றன. மர்வா இரண்டு கைகளையும் கோத்துத் தொங்கவிட்டுக் காட்டினாள்: "ஒரு தூளி கட்டியிருக்குன்னு வச்சுக்கங்கக்கா. முன் எலும்புல ஒரு முனை, பின்னாடி வால் எலும்புல ஒரு முனை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாத்தையும் அதுதான் தாங்குது." அகராதியை மூடிவிட்டேன்.)

அடுத்த வரியை இப்படி எழுதினேன்: மர்வா தசையை இறுக்கச் சொன்னாள், லீமாரோஸ் இறுக்கினாள், நாளடைவில் —

அது தப்பு. ரெஜினாவின் மகள் போனில் காட்டிய பயிற்சி வீடியோவைப் பார்த்து, லீமாரோஸ் ஏற்கெனவே பாத்திரம் கழுவும்போதும் பாசி காயவைக்கும்போதும் இறுக்கிக்கொண்டேதான் இருந்தாள். அதனால் தொல்லை கூடியது. மர்வா திரைக்குப் பின்னால் அவளிடம் சம்மதம் கேட்டு, கையுறை போட்டுச் சோதித்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, நீங்க விடவே மாட்டேங்குறீங்க. எந்நேரமும் பிடிச்ச பிடியாவே இருக்கு. பிடிச்சுப் பிடிச்சுக் களைச்சுப்போன தசை, இருமல் வாரப்ப எப்படிப் பிடிக்கும்?"

"விட்டா வந்துருமேம்மா."

"இங்கன வந்தா வரட்டும். தொடைச்சுக்கலாம். முதல்ல விடப் படிங்க. மூச்சை வயித்துக்குள்ள இழுங்க. அடக்காதீங்க."

மூச்சை அடக்கியே பிழைத்தவளிடம் அடக்காதே என்கிறாள் இந்தப் பெண். லீமாரோஸுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வயிறு மேலே வந்தது, கீழே போனது. இத்தனை வருஷம் எங்கே பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதே, அந்த இடம் தளர்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்களில் நீர் —

"நான் எங்க அழுதேன்?" என்றாள் போனில். "தூங்கிட்டேன்லா."

4

விடப் படித்த பிறகுதான் இறுக்கப் படித்தாள். இருமல் வருவதற்குச் சற்று முன்னால் உள்ளுக்கு இழுத்துக்கொள்வது, மூட்டையைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது, வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்துவது. வீட்டில் முழங்காலை மடக்கித் தரையில் படுத்துப் பழக வேண்டியிருந்தது. நண்பகலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கில்பர்ட், நிமிர்ந்து பார்த்து என்னவென்று கேட்டேவிட்டார். அவளும் சொல்லிவிட்டாள், ஒன்றையும் மறைக்காமல்.

அவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"எம்மேல கோவம்னுல நெனச்சேன்."

"என்ன கோவம்?"

"அதான் தெரியல. உங்கக்கா வீட்டுக் கல்யாணத் தேவைக்கு நான் வராம இருந்தேன்ல, அதுக்குன்னு நெனச்சேன்."

"அதுக்கா இத்தனை வருசம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கொஞ்சம் ஒண்ணுக்கும் வந்தது. (முழுதாக நின்றுவிடவில்லை. பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. இன்னும் குறையும் என்கிறாள் மர்வா. குணமாகிவிட்டது என்று எழுதினால் கதை முடிந்த மாதிரி இருக்கும், ஆனால் பொய்.)

பாய் சமையல்கட்டிலிருந்து திரும்பி வந்ததா என்று நான் கேட்கவில்லை.

5

முடிவு என்னிடம் இரண்டு இருக்கிறது.

மாரியூரில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் ஜோஸ்லின் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். கூட்டிக்கொண்டு வந்த மருமகன் சகாயவினோத் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். கில்பர்ட் தரையில். ஜோஸ்லின் தும்முகிறாள். முகம் மாறுகிறது.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். தும்முனா..."

அதோடு நிறுத்திக்கொண்டு ஆண்களைப் பார்க்கிறாள். சகாயவினோத் பாதி எழுந்துவிட்டார்.

ஒரு முடிவில் லீமாரோஸ், "ரெண்டு பேரும் செத்த வெளிய இருங்க" என்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. ஜோஸ்லினுக்குத் தேவையானது முழுவதும் கிடைக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை.

இன்னொன்றில், "மாப்ள, எங்க போறீக? உக்காருங்க. உங்களுக்கும் தெரியணும்" என்கிறாள்.

எது நடந்தது என்று லீமாரோஸ் என்னிடம் சொல்லிவிட்டாள். நான் எழுதப்போவதில்லை. சகாயவினோத் இன்னும் பாதி எழுந்த நிலையில்தான் நிற்கிறார், ஒரு கை நாற்காலியின் முதுகில் இருக்கிறது. அவரை அதிக நேரம் அப்படி நிற்க வைக்காதீர்கள்.