புகைக்குப் பின்னால் இருந்த காலண்டர்

எண்பத்தேழில், அரியலூரில் நான் வேலை பார்த்த பாலிடெக்னிக்கில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. திருச்சியிலிருந்து வந்த இரவல். அதற்குக் காவல் நான். செருப்போடு உள்ளே வந்தால் பிரின்சிபால் என்றும் பார்க்காமல் கத்துவேன்.

அதை வைத்து உருப்படியாக எதையாவது செய்து காட்டாவிட்டால், ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை திருச்சி அதிகாரிகள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மீன்சுருட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் லெக்சரர் மலர்க்கொடி, சுண்ணாம்புக் காளவாய்ப் புகையைத் திரையில் வரைகிறேன் என்றார். வீடு, கார் என்று வரைந்துவிட்டுப் போகக் கூடாதா? புகைக்கு விளிம்பு ஏது? திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கம்ப்யூட்டர் கணக்கிலேயே புகைக்குள் அடி அடியாக நடந்து, அடிக்கு அடி அடர்த்தியைக் கணக்கிட வேண்டும். ஒரு படத்துக்கு ஒன்பது மணி நேரம். எங்களுக்குக் கரண்ட் இருப்பதோ பத்திலிருந்து இரண்டு வரை. நடுவில் நின்றால் போட்டதெல்லாம் வீண்.

ஆயுத பூஜைக்கு அட்டெண்டர் பூமாலை கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அதுவரை பொறுத்துக்கொண்டேன். தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு மெஷினுக்குக் காட்டியதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஃப்ளாப்பி கெட்டுவிடும் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் தூபக்காலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அண்ணே, போவாதீங்க. இன்னொரு கை சாம்பிராணி போடுங்க" என்றார் மலர்க்கொடி. அவர் பார்வை புகைக்குப் பின்னால் இருந்த சுவரில் இருந்தது. "சார், காலண்டர்ல தேதி தெரியுதுங்களா?"

தெரியவில்லை என்றேன் எரிச்சலோடு.

"தெரியாத தேதிக்கா சார் இத்தன நாளா கணக்குப் போட்டுட்டிருந்தேன்?"

புகை முழுதாக மறைத்த இடத்துக்குப் பின்னால் எது இருந்தாலும் தெரியப் போவதில்லை, அங்கேயே நடையை நிறுத்திவிட வேண்டும். புகையே இல்லாத வெளியை ஒரே எட்டில் தாண்டிவிட வேண்டும். அவர் செய்த மாற்றம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஓட்டினார். படம் வரி வரியாக வந்தது. வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். ஆனால் காளவாயின் வாயில் திரண்ட புகை மேலே போகப் போக மெலிந்து, பின்னாலிருந்த பனைமரத்தைப் பாதி மறைத்துப் பாதி காட்டியது.  கையில் அள்ள முடியாத ஒன்றை இந்தப் பெண் எண்களால் அள்ளிவிட்டார். மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று நின்றேன். ஒன்றே முக்காலுக்குக் கடைசி வரி வந்தது. ஃப்ளாப்பியில் பதிந்துவிட்டு நிமிர்ந்தோம், கரண்ட் போனது. இருண்ட திரையை விட்டு நானும் மலர்க்கொடியும் பூமாலையும் நகரவில்லை.

திங்கட்கிழமை அதிகாரிகள், மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். ஒன்பது மணி நேரம் எப்படி நாலுக்குள் வந்தது என்று கேட்டார்கள். மலர்க்கொடி கதவருகே நின்ற பூமாலையைக் கை காட்டினார்.

"இவரு போட்ட புகைதாங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் திட்டியதைப் பூமாலை சொல்லவில்லை. நானே சொன்னேன்.