சீனத் தலையணை

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம். ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசிய சிரோக்கோ காற்றில் இத்தாலியின் பலெர்மோ நகரம் வெந்துகொண்டிருந்தது. எண்பதைக் கடந்த சினோரா அகாத்தாவுக்கு நித்திரை என்பதே இல்லாமற் போயிற்று. மன்னாரிலிருந்து வந்து அவரைப் பராமரிக்கும் செலஸ்ரீனா, ஈரத்துணியால் அவர் கழுத்தை ஒற்றியபடி இருந்தாள். பஞ்சுத் தலையணை அப்போதுதான் வெதுப்பிய பாண் போலச் சுட்டது.

"கண்ணாடி அலுமாரியைத் திறந்து அந்தச் சீனத் தலையணையை எடுத்து வா" என்றார் சினோரா.

கப்பல் பொறியியலாளராக இருந்த சினோராவின் கணவர் சீனாவில் வாங்கிவந்த சாமான் அது. எண்ணூறு வருடப் பழமையானது. சுட்ட மண்ணில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கறுப்பில் ஒரு தாரா வாத்து. மிலானில் இருக்கும் மகன் லூக்கா, அதை யாரும் தொடவே கூடாது என்றிருந்தார்.

"உடைஞ்சால் லூக்கா என்னைச் சும்மா விடமாட்டார், சினோரா."

"நான்தான் உடைச்சனெண்டு சொல்லுறன். கொண்டா."

கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நினைத்ததைவிடப் பாரம். சேலைக்கூடாக அதன் குளிர் வயிற்றில் பட்டது. தாராவின் வால், சுற்றிவரப் போட்டிருந்த கோட்டைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது.

"இதென்ன, பிழையாய்க் கீறியிருக்கு?"

"அரண்மனைச் சாமானெண்டு நினைச்சியோ? சந்தையிலை வித்த சாமான். ஒண்டைக் கீறி முடிக்க முந்தியே அடுத்தது காத்துக்கொண்டிருந்திருக்கும்."

பல்லரோச் சந்தையில் மீன்காரர் விலைப்பலகையில் இழுத்துவிடும் எழுத்தை நினைத்துச் செலஸ்ரீனா சிரித்துவிட்டாள். துவாயை மடித்து விரித்து, அதன்மேல் தலையணையை வைத்தாள். சினோரா தலை சாய்த்தார். "அப்பாடா" என்றவர் சற்று நேரத்தில் குறட்டை விடத் தொடங்கினார். தலையணை புரண்டுவிடுமோ என்ற பயத்தில் செலஸ்ரீனா அதன் விளிம்பைப் பிடித்தபடி கட்டிலோரம் இருந்தாள்.

பின்னேரம் கதவு திறந்தது. தாயின் சோர்ந்த குரலைத் தொலைபேசியில் கேட்டுப் பயந்துபோய், சொல்லாமல் கொள்ளாமல் விமானமேறி வந்திருந்தார் லூக்கா. கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர், செலஸ்ரீனா!"

"மெல்லமாய்க் கதையுங்கோ. இண்டைக்குத்தான் கண் மூடியிருக்கிறா."

அவரை மறித்துப் பேசியது தன் குரல்தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. லூக்கா தலையணையைத் தூக்கக் குனிந்தார்.

"கையை எடு, லூக்கா" என்றார் சினோரா கண்ணைத் திறவாமலே. "உன்ரை அப்பாவும் நானும் இதைக் கண்ணாடிக்குள்ளை வைச்சுப் பார்த்துப் பார்த்தே காலத்தைக் கழிச்சிட்டம். எத்தினை கோடை! ஒருநாளாவது படுத்துப் பார்க்கத் தோன்றேல்லை."

லூக்கா கதிரையில் இருந்துவிட்டார். செலஸ்ரீனா எலுமிச்சைத் தண்ணீர் கரைக்கப் போனாள். திரும்பி வந்தபோது சினோரா எழுந்து சாய்ந்திருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் லூக்கா கட்டிலில் நீட்டிக் கிடந்தார், தாராவின்மேல் கன்னத்தை வைத்தபடி.

"என்ன குளிர்!" என்றார், வேறு யாருக்கோ சொல்வதுபோல.

"நீயும் ஒருக்கால் படுத்துப் பாரன்" என்றார் சினோரா செலஸ்ரீனாவிடம்.

லூக்கா எழும்பி இடம் விட்டார். அவள் தயங்கித் தயங்கித் தலையை வைத்தாள். காதும் கன்னமும் குளிர்ந்தன. ஆனால் கழுத்தில் விளிம்பு குத்தியது. பட்டென்று எழும்பிவிட்டாள்.

"எனக்குச் சரிவராது, சினோரா. கழுத்து நோகுது. எனக்குப் பஞ்சே போதும்."

முதலில் சிரித்தவர் லூக்காதான்.