ஜமுனா நின்ற தண்ணீர்

சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே உள்ள மீனவர் குப்பத்தில், ஜமுனா இறங்கி நின்ற இடத்தில் மட்டும் ஏரித் தண்ணீர் மண்பானைத் தண்ணீராகக் குளிர்ந்துவிடும். ஒரு பாய் விரிக்கிற அகலம், அவ்வளவுதான். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலடைத்து, கடல் உள்ளே வராமல்போன மூன்றாவது கோடையில் இது தெரியவந்தது. அப்போது மடவை மீன் குஞ்சுகள் சூட்டில் முதுகெலும்பு கோணி, நேராக நீந்தத் தெரியாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. பழவேற்காட்டு வியாபாரி மக்பூல் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்து, "இத்த எந்தச் சட்டில போட்றது?" என்று கேட்டுவிட்டு, காலி ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினார். ஜமுனா தினமும் இறங்கி நின்ற இடத்தில், அவள் காலடியிலேயே கிடந்த குஞ்சுகள் மட்டும் நேராக வளர்ந்திருந்தன. குப்பத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று நாலு பேர் அவள் பக்கத்தில் முங்கிக் குளித்துவிட்டுப் போனார்கள்.

ஜமுனாவுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் புருஷன் சுரேஷ் மங்களூர் விசைப்படகு வேலைக்குப் போக, பை கட்டி மூலையில் வைத்திருந்தான். போனவர்களில் ஒருவரும் திரும்பியதில்லை. "நம்ம எடத்துல ஒரே ஒரு வலை நேரான மீன் வரட்டும், நான் போகல" என்று சொல்லியிருந்தான். இரண்டு காலையும் ஊன்றி நின்றால் முடிகிற காரியம் என்று பாவம் அவள் நம்பினாள்.

ஆனால் அந்தக் குப்பத்தில் எதுவும் பாடு இல்லாமல் நடக்காது. பாடு என்றால் ஏரியில் யாருக்கு எந்த இடம், யாருக்கு எந்த நாள் என்று சீட்டுக் குலுக்கி முறை போடுவது. ஏரி பொது என்றால் அதில் உண்டாகிற குளிர்ச்சியும் பொதுதான் என்றார் தலைவர் பொன்னுரங்கம். முப்பத்தெட்டுக் குடும்பம், முப்பத்தெட்டு நாள், ஆளுக்கொரு நாள் அவரவர் இடத்தில் ஜமுனா நிற்க வேண்டும். சுரேஷுக்கு முப்பத்தோராவது சீட்டு விழுந்தது. நியாயத்தில் அந்தக் குப்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த நியாயம்தான் எல்லார் தலையிலும் மண்ணள்ளிப் போட்டது.

பொன்னேரிக் கல்லூரியில் மீன் பாடம் நடத்தும் சிவசங்கர் வந்து, முட்டையிலிருந்து பொரிந்த இருபது நாளைக்குள்தான் குஞ்சுக்கு முள் இறுகும், அந்த இருபது நாளும் ஒரே இடத்தில் குளிர்ச்சி வேண்டும் என்று பக்குவமாக விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். யார் இடத்தில் என்றதும் ஆட்டம் நின்றது. ஜமுனா எழுந்தாள்.

"எங்க எடத்துல உடுங்க. இருவதே நாளு. அடுத்த வருசம் எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன்."

"உன் எடத்துக்கு மட்டும் இன்னாம்மா ஒசத்தி?" என்றார் பொன்னுரங்கம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூலையில் இருக்கும் பையைப் பற்றிக் கூட்டத்தில் எப்படிச் சொல்வாள்? உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷம் பிடிபட்ட மீன் ஒவ்வொன்றிலும் முதுகெலும்பில் ஒரு கணு மட்டும் நேராக இருந்தது, ஜமுனா வந்து நின்ற நாளின் கணு. மற்றதெல்லாம் கோணல். முப்பத்தெட்டு வீட்டுக்கும் மீனுக்கு ஒரு கணுதான், ஒருவருக்குக் கூடவில்லை, குறையவில்லை. சுரேஷ் ஒரு மீனின் முதுகைத் தடவிக்கொண்டே போய் அந்தக் கணுவில் விரலை நிறுத்தினான்.

"இது உன்னுதா?"

"ஆமா."

மறுநாள் காலை பொன்னேரி பஸ்ஸில் ஏறினான். ஊரில் இல்லாத ஆளுக்குப் பாடு முறையில் சீட்டு கிடையாது என்பதால் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

நாலு வருஷம் ஆகிறது. ஜமுனா இப்போது முப்பத்தேழு இடங்களில் முறை தவறாமல் நிற்கிறாள். குப்பத்தார் கோணல் மீனைத் தின்று பழகி, நேரான கணு நாக்கில் பட்டால் எடுத்துத் தட்டோரம் வைக்கிறார்கள். போகிற வழியில்தான் சுரேஷின் பழைய இடம் இருக்கிறது. இடத்துக்கு எல்லையாக நட்ட கழிகள் அப்படியே நிற்கின்றன, உள்ளே குஞ்சுகள் வட்டமடிக்கின்றன. அங்கே நிற்க அவளுக்கு முறை இல்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழிகளைச் சுற்றிப் போகிறாள்.