அப்பாவின் கட்சி

"அண்ணா, மேதா கல்யாணத்தை நான் பாத்துக்கறேன்," என்று மாதவ் சித்தப்பா மதில்மேல் இருந்த காக்கையைப் பார்த்துக் கும்பிட்டார். காக்கை அசையவில்லை. மேதாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அந்தக் கல்யாணத்தில் அப்பாவுக்கே நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

புணேயில், ஆற்றங்கரை ஓங்காரேஷ்வர் கோயிலில், அப்பாவின் பத்தாம் நாள். கல்மேல் வைத்த பிண்டத்தைக் காக்கை தொட்டால் போனவருக்கு மனக்குறை இல்லை. தொடாவிட்டால் ஏதோ ஆசை பாக்கி. உறவுக்காரர்கள் வாய்விட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்துக் குடும்பத்துப் பிண்டத்தில் காக்கைகள் முட்டிமோதிக்கொண்டிருந்தன. அப்பாவுடையதை ஒன்றுகூடச் சீந்தவில்லை.

வீட்டு வரி, மாடிப் பூச்செடி, ஓடாத ஸ்கூட்டர் என்று சித்தப்பா எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுத்து ஓய்ந்தார். சடங்கு செய்துவைத்த குருஜி வெயிலைப் பார்த்தார். தர்ப்பையில் ஒரு காக்கை முடைந்து தொடவைத்துவிடலாம், சாஸ்திரத்தில் இடமிருக்கிறது என்றார். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. புல் காக்கையா? அதுவும் அவருக்கா?

சித்தப்பா தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தார்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. ஒரே ஒரு தடவை, திலகர்தான் பெரியவர்னு சொல்லிடுங்களேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டுச் சண்டை ஊரறிந்தது. அப்பா திலகர் கட்சி, அம்மா கோகலே கட்சி. கல்யாணமான நாளிலிருந்து காலை டீ அந்தச் சண்டையில்தான் ஆறும். வெள்ளைக்காரனுக்கு மனு எழுதியே சுதந்திரம் வாங்கியிருப்பாரோ உன் கோகலே என்று அப்பா மேஜையைத் தட்டுவார். பெண்பிள்ளைகளுக்கு ஹைஸ்கூல் எதற்கு என்று எழுதிய மனுஷர்தானே உங்கள் திலகர், அவர் பேச்சு எடுபட்டிருந்தால் நான் ஏது கணக்கு டீச்சர் ஆவது என்பாள் அம்மா. கோகலே இறந்தபோது சுடுகாட்டில் நின்று அவரை வாயாரப் புகழ்ந்ததே திலகர்தான் என்பது அப்பாவின் கடைசி அஸ்திரம். செத்தப்புறம் புகழறது சுலபம் என்று அம்மா எழுந்துவிடுவாள். கப்புகளைக் கழுவிவைப்பது அப்பா. மேதா காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவள். யார் பெரியவர் என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அம்மா பிண்டத்தின் முன்னால் போய் நின்றாள். சொல்லித் தொலையேன் அம்மா, ஒரு வார்த்தைதானே, அப்பா நிம்மதியாகப் போகட்டுமே என்று மேதா மனசுக்குள் கெஞ்சினாள்.

"செத்தப்புறம் புகழறது சுலபம்னு நான்தான் சொல்லிட்டிருந்தேன்," என்றாள் அம்மா. "அதனால சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்க நம்பமாட்டீங்க."

சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஆனா, பதில் பேச ஆளில்லாத இடத்துல ஜெயிச்சு எனக்கு என்ன ஆகணும்? இனிமே உங்க கட்சியையும் நானே பேசறேன். ஒழுங்கா பேசறேன். கவலைப்படாம போங்க."

கடைசி வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. மேதா ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் அப்படி நிற்கும்போதே மதிலிலிருந்து கிழட்டுக் காக்கை ஒன்று இறங்கியது. பிண்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொத்தியது. சித்தப்பா குழந்தை மாதிரி அழுதார். குருஜி தர்ப்பையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மாவும் மேதாவும் மட்டும். காய்கறிச் சந்தைப் பக்கம் திலகர் சிலை வந்தது. அம்மா ஆட்டோக் கம்பியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்னாலும், மாண்டலே ஜெயில்ல ஆறு வருஷம். சர்க்கரை வியாதியோட. உன் கோகலே ஒருநாள் இருந்திருப்பாரா?"

சொல்லிவிட்டு அம்மா காத்திருந்தாள். சிலை பின்னால் போய்விட்டது. இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது மேதாவுக்குச் சின்ன வயசிலிருந்தே மனப்பாடம்.

"அதுக்காகப் பொண்ணுங்க படிக்கக் கூடாதா?" என்றாள்.

"அப்படிக் கேளு," என்று அம்மா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.