புளியங்கொட்டையில் விழுந்த வெள்ளைக்காரி

1

இந்தக் கதையை நான் கட்டவில்லை. ஒட்டுக்கேட்டேன்.

1992, வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஞானாம்பிகை ரீச்சர் ஆறாம் வகுப்புக்குப் படிப்பித்தார், நான் ஏழுக்கு. நடுவில் ஓலைத்தட்டி. ஓய்வு நேரத்தில் வாரப் பத்திரிகைக்கு மர்மத்தொடர் எழுதுகிறவன் நான். ஆகவே முதல் வரி இப்படித்தான் வந்தது:

‘வீல்!’ என்று ஓர் அலறல். கிணற்றடியில்—

அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று யாரும் அலறவில்லை. அலறியிருந்தால் எழுதுவது இலகு.

2

விளையாட்டு இதுதான். வகுப்பில் உட்காரும் வாங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் பஸ். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை எறிய வேண்டும். வெள்ளைப் பக்கம் விழுந்தால் வெள்ளையர், முன்னால் இருக்கலாம். கறுப்பு விழுந்தால் பின்னுக்கு. வெள்ளையருக்கு இடம் போதாவிட்டால் எழும்பவும் வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில் இப்படித்தான் சட்டம் இருந்தது, குடிதண்ணீர்க் குழாய்கூட வேறு வேறு என்றார் ரீச்சர். ஒரு பெண் எழும்ப மறுத்ததையும், கறுப்புச் சனம் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் கால்நடையாகவே வேலைக்குப் போனதையும் சொன்னார்.

(பொருளாதாரத் தடையால் பெற்றோலைக் கண்ணால் காணாத எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிதாகப் படவில்லை. “ஒரு வருஷம்தானே, ரீச்சர்?” என்றது ஒரு குரல்.)

அடுத்து மக்டலீன் எறிந்தாள். ஷெல்லுக்குத் தப்பி குருநகரிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் பேதுரு. இருப்பிடம், ஊர்க் காணிக்காரர் தம்பிராசா அண்ணையின் புகையிலைக் கொட்டில்.

“வெள்ளை!”

“உவள் வெள்ளைக்காரியெண்டால் நான் இங்கிலாந்து மகாராணி.” இது சிவகௌரி, தம்பிராசா அண்ணையின் மகள்.

“மகாராணிக்கு என்ன விழுந்தது?” ரீச்சர் கேட்டார்.

“...கறுப்பு.”

தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது.

“அப்ப மகாராணி, எழும்பிப் பின்னுக்குப் போங்கோ.”

3

இந்த இடத்தில், என் முதற்பிரதியில் மக்டலீன் எழுந்து நின்று, “மனிசரெல்லாம் ஒண்டுதான்…” என்று முழங்குகிறாள். பன்னிரண்டு வரி. வெட்டிவிட்டேன். பதினொரு வயதுப் பிள்ளை அப்படிக் கதைக்காது. நாற்பது வயது மாஸ்ரர்தான் கதைப்பான், அதுவும் கடதாசியில்.

அவள் உண்மையில் கேட்டது:

“ரீச்சர், வெள்ளைக்காரி கிணத்தடியிலை கையேந்தத் தேவையில்லைத்தானே?”



[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது, இங்கேயே வரட்டும். பள்ளிக்கூடக் கிணறு தம்பிராசா அண்ணை விட்டுத்தந்த காணியில் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் தாங்களே அள்ளிக் குடிப்பார்கள். குருநகர்ப் பிள்ளைகள், சாதி குறைவென்று, வாளியைத் தொடக்கூடாது. ஊர்ப் பிள்ளை ஒன்று ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டும். எந்த நாள் யார் ஊற்றுவது என்று சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. ஒருவரும் தாகத்தோடு நிற்கக்கூடாதென்று, நல்ல எண்ணத்தோடு, அழகான எழுத்தில் அதை எழுதியவர் இந்தக் கதைக்குத் தேவையில்லாத ஓர்— எழுதியவன் நான்.]

4

இடைவேளை மணி அடித்தது.

“விளையாட்டு இன்னும் முடியேல்லை,” என்றார் ரீச்சர். “கொட்டை சொன்னபடி தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.”

நான் வெளியே வந்தபோது கயிறு மக்டலீனின் கையில். கப்பி கிறீச்சிட, வாளி கீழே போய்க்கொண்டிருந்தது.

சிவகௌரிக்கு அழுகை முட்டியது. “அப்ப எனக்கு ஆர் ஊத்திறது?”

“நான் ஊத்திறன், கையை ஏந்து. உன்னை மாதிரிச் சட்டையிலையெல்லாம் ஊத்த மாட்டன்.”

சிவகௌரி கிணற்றுக்கட்டுக்குக் கிட்ட வந்தாள். பிறகு கையை ஏந்தினாள்.

அந்த நேரம் பார்த்து வேலிப்பொட்டுக்குள்ளால் புகுந்து தம்பிராசா அண்ணை வந்தார். கெட்ட மனிசன் அல்ல. கெட்டவனென்றால் என் தொடர்களில் நான்காம் வாரமே பிடித்துக் கொடுத்துவிடுவேன். இருபது பேருக்கு இடம் கொடுத்தவர், அரிசியும் கொடுத்தவர். மகளின் ஏந்திய கைகளைப் பார்த்தார்.

“மாஸ்ரர், உதென்ன கூத்து?”

“விளையாட்டு, அண்ணை.”

“விளையாட்டெண்டால் நிப்பாட்டுங்கோ. இல்லையெண்டால் பேதுரு பொழுதுபட முதல் என்ரை கொட்டிலை விடட்டும்.”

மக்டலீனுக்கும் அது கேட்டது. இழுப்பதை நிறுத்தினாள். கயிற்றை விடவில்லை. நிறைந்த வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். “பட்டியல் உங்கடை, மாஸ்ரர். நீங்களே சொல்லுங்கோ.”

5

முடிவுகள்:

அ) குண்டு போடும் பொம்பர் இரைகிறது. எல்லோரும் பங்கருக்குள் விழுந்தடித்து ஓடுகிறார்கள். வாசகர்கள் கடிதம் போடுவார்கள். ஆனால் அன்று வானத்தில் ஒன்றுமே இல்லை.

ஆ) தம்பிராசா அண்ணை மனம் இளகி, மகளுக்குப் பக்கத்தில் தானும் கையேந்துகிறார். எழுதிப் பார்த்தேன். வாசித்துப் பார்க்க வெட்கமாயிருந்தது.

இ) நான் உண்மையில் சொன்னது. ஏழு தரம் எழுதினேன். ஏழு தரமும் நான் நல்லவனாகவே வந்தேன். ஆகவே அதைத் தரமாட்டேன்.

நீங்கள் வாருங்கள், என் இடத்தில் நில்லுங்கள். கொட்டிலை விட்டால் பேதுருவின் குடும்பத்தில் ஐந்து பேருக்குப் படுக்க வேறிடம் இல்லை. இங்கே ஒரு பிள்ளை இன்னும் கையேந்தியபடி. நல்ல வசனம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வாளி நிறையத் தண்ணீர், பிடித்திருப்பவளுக்கு வயது பதினொன்று, கயிறு உள்ளங்கையை அறுக்கிறது.

கெதியாய்ச் சொல்லுங்கள்.